எண்கோணம் - 19: எண்ணெயை உள்ளே இழுக்கும் உதடு

போன வாரம் எம்.ஜி.பி. காரின் பின்பக்கப் பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, முகம் சுளித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அதற்கு முந்தைய கதை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும்.

இந்த வாரம் வயர் வீல் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாண வாசகரின் கடிதம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. "அண்ணை, என்ரை 65ஆம் ஆண்டு ரோட்ஸ்டருக்குப் பின் ஹப் ரெண்டுக்கும் ஒரே நாளிலை புதுச் சீல் போட்டனான். வலது பக்கம் காய்ஞ்சு கிடக்கு. இடது பக்கம் திரும்பவும் ஒழுகுது. ரெண்டு சீலும் ஒரே கடையிலை, ஒரே நேரத்திலை வாங்கினது. ஏன் இப்பிடி?"

நல்ல கேள்வி. பதில் தேடப் போய்த்தான் இந்த வாரம் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

முதலில் ஒழுகுவது என்ன என்று தெரிய வேண்டும். டிரம்முக்குள் ஈரம் என்றால் ஒன்று பிரேக் ஆயில், அல்லது கிரவுன் (டிஃபரன்ஷியல்) ஆயில். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்து போனால் பிரேக் ஆயில். கோளாறு வீல் சிலிண்டரில். மேலே மிதந்தால் கிரவுன் ஆயில். (சிலிக்கோன் வகை பிரேக் ஆயில் ஊற்றியவர்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதுவும் தண்ணீரில் கரையாது.) மூக்கு நன்றாக இருந்தால் டம்ளரே வேண்டாம். 90ஆம் நம்பர் கியர் ஆயிலில் பற்சக்கரங்களைக் காப்பாற்றக் கலக்கும் மருந்தில் கந்தகம் உண்டு. ஒருமுறை முகர்ந்தவருக்கு அந்த வாடை மறக்காது.

அடுத்து, ஈரம் எங்கே தொடங்குகிறது? வெளிப்பக்கம், ஆக்ஸில் ஷாஃப்ட்டின் தட்டு ஹப்போடு சேரும் இடத்திலிருந்து பரவியிருந்தால் அங்கே உள்ள பேப்பர் பேக்கிங் போயிருக்கிறது. உள்பக்கம், பிரேக் ஷூக்களைத் தாங்கும் பின்தட்டில் வழிந்து டயரின் உள்முகத்தில் கோடு போட்டிருந்தால் ஆயில் சீல். ஹாரோக்காரருக்கு இரண்டாவது.

கார் நடுவில் இருக்கும் கிரவுனின் எண்ணெய்க்குச் சக்கரத்தில் என்ன வேலை? வர வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். 1962ல் எம்.ஜி.பி. வந்தபோது அதற்குக் கிடைத்தது தாய்க் கம்பெனி பி.எம்.சி.யின் பான்ஜோ ஆக்ஸில். இதில் ஹப் பேரிங்குக்குத் தனியாகக் கிரீஸ் கிடையாது. கிரவுன் சுழற்றி அடிக்கும் எண்ணெய்தான் ஹவுசிங் குழாய் வழியாக முனைக்கு வந்து, வெளியே திரும்பி, பேரிங்கை நனைக்கிறது. அப்படி நனைத்த எண்ணெய் பேரிங்கைத் தாண்டி மறுபடி உள்பக்கமாக, பிரேக் இருக்கும் திசையில் தப்பப் பார்க்கும். அங்கே காவலுக்கு நிற்பதுதான் ஹப்புக்குள் அடித்து இறக்கிய ஆயில் சீல்.

அதனால் சீலின் வாய் பேரிங்கைப் பார்த்து இருக்க வேண்டும். கிரவுன் உள்ளே இருக்கிறது, எண்ணெய் அங்கிருந்துதானே வருகிறது என்று நினைத்து உள்பக்கம் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. போட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வாரத்துச் சங்கதியே.

ஆனால் சீலைக் குற்றம் சொல்வதற்கு முன் ஆக்ஸிலின் மூச்சுக்குழலைப் பாருங்கள். ஹவுசிங் மேல் சின்னதாக ஒரு பிரீதர் இருக்கும். அறுபது வருடச் சேறு, அதற்கு மேல் யாரோ அக்கறையாகப் பூசிய துருத்தடுப்புக் கரி, எல்லாம் சேர்ந்து அதை அடைத்துவிட்டிருக்கும். 20 டிகிரியில் கிளம்பிய கார் ஓடி ஓடி ஹவுசிங் 80 டிகிரி ஆனால், மூடிய இடத்துக் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு கிட்டத்தட்ட. டயர்க் காற்றோடு பார்த்தால் அற்பம். ஆனால் அந்த ஆயில் சீல் அழுத்தத்தைத் தாங்கச் செய்ததல்ல. இருபக்கமும் ஒரே காற்றழுத்தம் இருக்கும் என்று நம்பிச் செய்தது. பிரீதர் அடைத்த காரில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். ஒரு கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய ஆகும் செலவு பூஜ்யம். இதைப் பார்க்காமல் ஹப்பைக் கழற்றும் மெக்கானிக்கிடம் நான் சைக்கிளைக்கூட விட மாட்டேன்.

எண்ணெய் அளவும் அப்படித்தான். நிரப்பும் திருகு ஹவுசிங்கின் பின்முகத்தில் இருக்கிறது. காரின் பின்புறத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்து ஊற்றினால், மூக்கு தாழ்ந்து பின்முகம் உயர்ந்துவிடும். வழியும் மட்டத்துக்கு ஊற்றினேன் என்று சத்தியம் செய்வார்கள். காரை இறக்கினால் மட்டம் அதிகம். சமதரையில் நான்கு சக்கரமும் ஊன்றி நிற்க வேண்டும் இதற்கு.

பிரீதர் அடைப்பும் எண்ணெய் மிகுதியும் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஹாரோக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கோளாறு. தெருவோரம் இடச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி நிற்கும்படி காரை விடுகிறார் என்றால் எண்ணெய் அந்தப் பக்கம் ஓடி வந்து தேங்கும், வாஸ்தவம். ஆனால் அவர் கராஜில், சிமெண்டுத் தரையில் விடுகிறாராம். கேட்டு எழுதினேன்.

இங்கேதான் ஆயில் சீல் பற்றித் தேடத் தொடங்கினேன். தேடத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.

ஆயில் சீல் என்றால் என்ன? ஒரு இரும்பு வளையம், அதில் ஒட்டிய ரப்பர் உதடு, உதட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங். உதடு இரும்பின் மேல் அழுந்தி உட்கார்ந்து எண்ணெயை மறிக்கிறது என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். அது உண்மையல்ல. அப்படி உலர்ந்த ரப்பர் இரும்பின் மேல் சுற்றினால் சில நிமிடங்களில் கருகிவிடும். இ.டி. ஜாகர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1957ல் லண்டன் மெக்கானிக்கல் பொறியாளர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஓடிக்கொண்டிருக்கும் சீலின் உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் எப்போதும் ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கிறது, உதடு அதன் மேல் மிதக்கிறது என்று காட்டினார். படலத்தின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும்.

சரி, படலம் இருக்கிறது என்றால் வழி இருக்கிறது. வழி இருந்தும் ஏன் ஒழுகவில்லை?

ஜாகருக்குப் பிறகு ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒழுகாமல் நன்றாக ஓடும் ஒரு சீலின் வெளிப்பக்கத்தில், அதாவது காற்றுப் பக்கத்தில், கொஞ்சம் எண்ணெயை விட்டுப் பார்த்தார்கள். சீல் அதை உள்ளே இழுத்துக்கொண்டது! பிறகு அதே சீலைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். உள்ளே இருந்த எண்ணெயை எல்லாம் வெளியே இறைத்தது. நல்ல சீல் என்பது மறிப்பதல்ல, இறைப்பது. எண்ணெய் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. கசிவதை விட வேகமாக உதடு அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

எப்படி அனுப்புகிறது? உதட்டின் முனையை வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கச் சரிவும் ஒன்றாக இருக்காது. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாக, காற்றுப் பக்கம் படுத்தாற்போல் இருக்கும். அதனால் இரும்பின் மேல் அழுத்தம் நடுவில் இல்லாமல் எண்ணெய்ப் பக்கமாக ஒதுங்கி விழுகிறது. கொஞ்ச நேரம் ஓடித் தேய்ந்த ரப்பரின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டாகின்றன. இரும்பு சுற்றும்போது ரப்பர் இழுபட்டு அந்த மேடுகள் சாய்ந்து, நூற்றுக்கணக்கான குட்டித் துடுப்புகளாகி எண்ணெயைத் தள்ளுகின்றன. இரண்டு பக்கமிருந்தும் தள்ளுகின்றன. ஆனால் சரிவு ஏறுக்குமாறாக இருப்பதால் காற்றுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளும் கூட்டம் ஜெயிக்கிறது. சுற்றும் திசை மாறினாலும் ஜெயிப்பது அதே கூட்டம்தான், காரை ரிவர்ஸ் எடுத்தாலும். இடது சக்கரத்துக்கு ஒரு சீல், வலது சக்கரத்துக்கு வேறு சீல் என்று கடையில் கேட்க வேண்டியதில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

இதைப் படித்துவிட்டு நான் வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் பெரிதாக ரசிக்கவில்லை. வாசகர்களாவது ரசியுங்கள்.

இந்த இறைக்கும் வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்த காலமும் ஒன்று இருந்தது. எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ.யின் 1489 சி.சி. என்ஜினுக்கு, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்டின் மேல் ஒரு திருகு வெட்டியிருப்பார்கள். என்ஜின் சுற்றும்போது வெளியே வரும் எண்ணெயை அந்தத் திருகு உள்ளே திருப்பி ஓட்டும். என்ஜின் நின்றதும் திருகும் நின்றுவிடும். அப்போது வழிவது வழியும். எம்.ஜி. நின்ற இடத்தில் ஒரு சொட்டு இருக்கும் என்று இங்கிலாந்தில் சொல்வது சும்மா இல்லை. அதே பி சீரிஸ் 1489 சி.சி. என்ஜின்தான் நம் ஊரில் அம்பாசடரைப் பல வருடம் இழுத்தது. அம்பாசடர் நின்ற போர்ட்டிகோக்களில் இருந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டாம். எம்.ஜி.பி.யிலும் முதல் இரண்டு வருட என்ஜின்கள் திருகுதான். 1964ல் ஐந்து பேரிங் கிராங்க் வந்தபோதுதான் அந்த இடத்துக்கு ரப்பர் உதடு வந்தது.

இப்போது ஹாரோவுக்கு வருகிறேன். உதடு ஓடும் இரும்புப் பாதையின் மேல் மிக மெல்லிய திருகுக் கோடு இருந்தால் என்ன ஆகும்? அதுவும் எண்ணெயை ஓட்டும். உள்ளே ஓட்டினால் லாபம். வெளியே ஓட்டினால் உதட்டின் துடுப்புகள் எத்தனை இறைத்தாலும் தோற்றுவிடும். கோடு ஆழமாக இருக்கத் தேவையில்லை. நகம் வைத்தால்கூடத் தட்டுப்படாத கோடு போதும்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கச் சீல் செய்கிறவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வாரத்திலேயே அதிக சந்தோஷம் கொடுத்தது அதுதான். லேசர் வேண்டாம், மைக்ரோஸ்கோப் வேண்டாம். ஷாஃப்ட்டைக் கடைசல் இயந்திரத்தில் மட்டம் பார்த்துப் பூட்டி, மேலே லேசாகச் சிலிக்கோன் எண்ணெய் தடவி, ஒரு தையல் நூலை அதன் மேல் போட்டு, நூலின் நுனியில் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 60 சுற்று. அவ்வளவுதான். ஷாஃப்ட் சுத்தமாக இருந்தால் நூல் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத திருகு இருந்தால் நூல் மெல்ல நகர்ந்து ஒரு ஓரத்துக்குப் போகும். உடனே தீர்ப்பு எழுதிவிட மாட்டார்கள். இயந்திரத்தை எதிர்த்திசையில் சுற்ற விடுவார்கள். நூலும் எதிர்த்திசையில் நகர்ந்தால் திருகு இருப்பது உறுதி. மறுபடியும் அதே ஓரத்துக்கே போனால் ஷாஃப்ட்டைச் சாய்வாகப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ரெண்டாவது படியை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

பான்ஜோ ஆக்ஸிலில் சுற்றுவது ஹப்பும் சீலும். குழாய் அசையாமல் நிற்கிறது. அதனால் நூலைத் தொங்கவிட முடியாது. ஆனால் விஷயம் ஒன்றுதான். ஹாரோக்காரரின் கடிதத்திலேயே அடுத்த பக்கத்தில் இருந்தது விடை: "பழைய சீல் உரசின இடத்தை ரெண்டு பக்கமும் எமரித் துணியாலை வடிவா மினுக்கினனான்." எப்படி மினுக்கியிருப்பார்? துணியைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, ஒரே வாக்கில் சுற்றிக்கொண்டே தன்னை நோக்கி இழுத்திருப்பார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வலது பக்கம் போய் உட்கார்ந்தபோதும் அதே கை, அதே வாக்கு. ஆக, இரண்டு குழாயிலும் ஒரே மாதிரித் திருகு. ஆனால் கார் முன்னால் போகும்போது வெளியிலிருந்து பார்த்தால் வலச் சக்கரம் கடிகாரச் சுற்றில் சுற்றும், இடச் சக்கரம் எதிர்ச்சுற்றில். ஒரே திருகு வலச் சக்கரத்தில் எண்ணெயைத் திரும்பப் பேரிங்குக்கு அனுப்பும், இடச் சக்கரத்தில் பிரேக்குக்கு அனுப்பும். அவர் கையால் வலது பக்கத்துக்கு நல்லது நடந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

மருந்து என்ன? எமரியை நீளவாக்கில் நகர்த்தாமல், ஒரே இடத்தில் வைத்துச் சுற்று வாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். மிக மெல்லிய துணி, எண்ணெய் தொட்டு. பழைய சீல் அங்கே பள்ளமே வெட்டிவிட்டிருந்தால் தேய்த்துப் பயனில்லை. புதுச் சீலை ஹப்புக்குள் கொஞ்சம் முன்பின்னாக இறக்கி, உதடு புது இடத்தில் ஓடும்படி செய்யலாம். அதற்கும் இடமில்லை என்றால் எஸ்.கே.எஃப். செய்யும் ஸ்பீடி ஸ்லீவ் என்ற மெல்லிய எஃகுச் சட்டை கிடைக்கிறது. கனம் 0.28 மில்லிமீட்டர்தான் என்பதால் பழைய அளவுச் சீலே அதன் மேல் ஓடும். எதைச் செய்தாலும் உதட்டில் எண்ணெய் தடவிவிட்டுப் பூட்டுங்கள். உலர்ந்த உதடு முதல் மைலிலேயே தீய்ந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஹப்பை எப்படிக் கழற்றுவது என்பதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கழற்றும் பக்கத்தை மட்டும் உயர்த்துங்கள், எண்ணெய் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். டிரம், பிறகு தட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, பிறகு ஆக்ஸில் ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். உள்ளே தெரியும் பெரிய நட்டுக்கு எட்டுப் பக்கம்! எம்.ஜி. சின்னத்துக்காக அப்படிச் செய்தார்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான், பி.எம்.சி. இந்த ஆக்ஸிலை இன்னும் எத்தனையோ குடும்பக் கார்களுக்கும் போட்டது என்பதால் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். லாக் வாஷரை நிமிர்த்திவிட்டு, எட்டு முகத்துக்கும் பொருந்தும் சாக்கெட்டைப் போட்டுத் திருகுங்கள். பழைய கார்களில் இந்த நட்டைப் பார்த்தாலே அதற்கு முன் யார் கை வைத்தார்கள் என்று தெரிந்துவிடும். விளிம்பெல்லாம் உளி கொத்திய தழும்பாக இருக்கும். இந்த வகை ஆக்ஸில்களில் இடது மரையும் வரும். நட்டுக்கு வெளியே தெரியும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுப் பலத்தைக் காட்டுங்கள்.

மாட்டும்போது ஒரே ஒரு எண். பேரிங்குக்கு வெளியே வரும் ஸ்பேசர் வளையம், ஹப்பின் முகத்தையும் அதன் மேல் வைத்த பேப்பர் பேக்கிங்கையும் தாண்டி 0.025 முதல் 0.102 மில்லிமீட்டர் வரை துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறது தொழிற்சாலைக் கையேடு. தலைமுடிக் கனம்தான். ஆக்ஸில் ஷாஃப்ட்டின் தட்டை இறுக்கும்போது அந்தத் துருத்தல் அழுந்தி, பேரிங்கின் வெளிவளையம் ஹப்புக்குள் அசையாமல் பிடிபடுகிறது. வெளிப்பக்கம் ஒழுகுகிறதே என்று பேக்கிங்கை இரண்டாக வைக்கும் வழக்கம் உலகமெங்கும் இருக்கிறது. வைத்தால் துருத்தல் காணாமல் போய்விடும். பேரிங் ஹப்புக்குள் ஆட ஆரம்பிக்கும். ஆடும் ஹப்பில் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் விலகும். வெளியே ஒழுகியதை நிறுத்தப் போய் உள்ளே ஒழுக வைத்ததுதான் மிச்சம்.

எண்ணெய் குடித்த பிரேக் லைனரை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெட்ரோலில் கழுவுவது, அடுப்பில் வைத்துச் சுடுவது எல்லாம் எனக்கும் தெரியும். தூக்கிப் போடுங்கள். சூடேறும்போது உள்ளே ஊறியது மறுபடி முகத்துக்கு வரும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். பின்சக்கரம் ஒன்று பிடித்து இன்னொன்று வழுக்கும் காரை மழையில் ஓட்டிப் பார்க்க நான் யாரையும் அனுப்ப மாட்டேன். புது லைனர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

1965ல் வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வைத்திருப்பவர்களும், 67க்குப் பிந்தைய ரோட்ஸ்டர்காரர்களும் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால் மன்னிக்கவும். உங்கள் காரில் இருப்பது பான்ஜோ அல்ல, குழாய் ஆக்ஸில். அங்கே எட்டுப் பக்க நட்டும் இல்லை, பேப்பர் பேக்கிங் பஞ்சாயத்தும் இல்லை. எண்ணெய் வேறு வழியாக, ஷாஃப்ட்டின் பற்கள் ஊடாக வரும். அதற்கு வேறு வைத்தியம்.

அச்சுக்கு அனுப்பச் சொல்லி போன் வந்தாயிற்று. வயர் வீல் அடுத்த வாரம். சிறகு வைத்த பூட்டு நட்டை அமெரிக்கா 1968ல் ஏன் தடை செய்தது, அந்த இடத்தில் எம்.ஜி. எட்டுப் பக்க நட்டைக் கொண்டுவந்து வைத்த அழகு, இடச் சக்கரத்துக்கு வலது மரையும் வலச் சக்கரத்துக்கு இடது மரையும் ஏன், மாற்றிப் போட்டால் சக்கரம் எந்த நிமிடம் காரை முந்திக்கொண்டு ஓடும் என்பதெல்லாம் அதில் வரும். குழாய் ஆக்ஸிலுக்கு இடம் இருந்தால் பார்க்கலாம்.

(தொடரும்)